கேட்காமல் நிறுத்தியவள்

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எப்போதும் கையில் செல்லோடு திரிவதால் எல்லாருக்கும் செல்லக்கா. பில் அடிக்க வந்தவள், தட்டுத்தடுமாறிக் கற்று, பதினோரு வருஷத்தில் அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் மொத்தத்துக்கும் பொறுப்பாளி ஆகிவிட்டாள். எங்கே இருந்தாலும் போனிலிருந்தே சர்வரைக் கவனித்துக்கொள்வாள்.

"அந்தப் போனையே கட்டிக்கிட்டிருக்கலாம், எம் மகன் தப்பிச்சிருப்பான்" என்பார் மாமியார்.

அந்த மாமியாருக்குத்தான் அன்று காலை கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தால் பார்வை மங்கி உட்கார்ந்திருந்தவர், மருமகளின் இடது கையை இறுகப் பிடித்திருந்தார். அப்போது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். சர்வரில் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தன. லீவில் இருக்கும் கிளார்க்கின் பாஸ்வேர்டைத் திருடி எவனோ உள்ளே புகுந்து, எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டே வருகிறான்.

மேனேஜருக்குப் போன் போட்டாள். "சார், சர்வரை உடனே நிறுத்தணும்."

"விளையாடறீங்களா? ஆஸ்பத்திரி ஆர்டர், ஏழு வண்டி ஏத்திக்கிட்டிருக்கு. கை வைக்காதீங்க."

"இப்ப விட்டா, எந்த மருந்து எங்க இருக்குன்னே நாளைக்குத் தெரியாது சார்."

"முதலாளியைக் கேட்டுட்டுச் சொல்றேன்." வைத்துவிட்டார்.

பூட்டப்பட்ட ஃபைல்கள் நானூறிலிருந்து அறுநூறு ஆயின. கிளார்க்கின் கணக்கை முடக்கப் பார்த்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை. எழுந்தாள். மாமியார் கையை விடவில்லை.

"என்னை விட்டுட்டு எங்கேடி போறே?"

"நீங்களும் வாங்க அத்தை, நாலு எட்டுதான்."

அவரையும் இழுத்துக்கொண்டு மாடிப்படி ஜன்னலுக்குப் போனாள். பின்னாலிருந்து நர்ஸ், "அம்மா, உங்களைத்தான் உள்ளே கூப்பிடறாங்க!" என்று கத்தினாள். ஓடிபி வந்தது. ஒற்றைக் கட்டைவிரலால் அடித்தாள், தப்பு. மறுபடி அடித்தாள். கணக்கு முடங்கியது. ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்தவன் வெளியேறவில்லை; ஃபைல்கள் மாறுவது நிற்கவில்லை.

இனி சர்வரையே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் போனிலிருந்து மறுபடி கிளப்ப முடியாது. கணிப்பு பிசகினால் வேலையும் போகும். மேனேஜர் கூப்பிடவே இல்லை.

"ஆபரேஷன் எனக்காடி, அந்தப் போனுக்கா?" என்றார் மாமியார்.

அழுத்திவிட்டாள்.

மாமியாரை உள்ளே அனுப்பி, கணவனை வரவழைத்து உட்காரவைத்துவிட்டுக் கிடங்குக்கு ஓடினாள். மூன்றில் ஒரு பங்கு ஃபைல் பாழ்; மற்றவை தப்பின. போனதையும் முந்தின நாள் பேக்கப்பிலிருந்து மீட்டாள். வண்டிகள் கையால் எழுதிய பட்டியலோடு தாமதமாகக் கிளம்பின. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வெளியே வந்தபோது மருமகள் பக்கத்தில் இல்லை என்று மாமியார் மட்டும் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் முதலாளி முன்னால் மேனேஜர் கூசாமல் சொன்னார்: "நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்."

"இல்லை சார்" என்றாள் அவள். "அவர் வேண்டாம்னார். நானாத்தான் நிறுத்தினேன்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்றார்.

"அடுத்த தடவை யாரையும் கேட்காம நிறுத்தலாம்னு எழுதிக் கொடுங்க."

கடிதம் வர மூன்று வாரமானது. ஆனால் வந்தது.