ஒன்றும் செய்யாத பொத்தான்

புது மடிக்கணினி வாங்கியிருக்கிறேன். மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘ரெஃப்ரெஷ்’ஷைக் காணோம். எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள். தேடிக்கொண்டிருந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், மூக்கில் தோல் வாசனை அடித்தது.

பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி செய்த ஒரு சின்ன கம்பெனிதான் என் முதல் வேலை. கீழே கிடங்கு, மாடியில் நாங்கள். வெள்ளிக்கிழமைகளில் சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வருவதில் மட்டும் எனக்குப் பெயர் இருந்தது. கணினிகளில் இருந்த திருட்டு விண்டோஸை எடுத்துவிடச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“லினக்ஸ் போட்டுடலாம் சார், அது இலவசம். எல்லாருக்கும் நானே சொல்லித் தரேன்.”

“ஒரு வாரம் டைம். கத்துக்க முடியலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்,” என்றார். பார்வை ஸ்டெல்லா அக்கா மேல் இருந்தது. கம்பெனியின் கடிதங்களை எல்லாம் அடிப்பவர் அவர். பொழிச்சலூரில் அவர் குடும்பத்தில் சம்பாதிப்பவரும் அவர் ஒருவர்தான்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் முழங்கினேன். இதில் ஒளிவு மறைவு கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம் என்றேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அக்கா மட்டும் கை தூக்கினார்.

“ரெஃப்ரெஷ் எங்க தம்பி?”

காலையில் சிலுவை போட்டுக்கொண்டு, மூன்று முறை ரெஃப்ரெஷ் அழுத்திவிட்டுத்தான் அவர் டைப் அடிக்கத் தொடங்குவார். அது இல்லாமல் கை ஓடவில்லை. நான்கு நாளில் ஒரு கடிதம்கூட உருப்படியாக வரவில்லை.

“அது என்னதான் பண்ணும் அக்கா?”

“உனக்கே தெரியாதா?”

தெரியாது. இன்றுவரை சரியாகத் தெரியாது.

ஐந்தாம் நாள் அவர் வருவதற்கு முன்பே திரையில் ‘ரெஃப்ரெஷ்’ என்று ஒரு பொத்தானைச் செய்துவைத்தேன். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அக்கா மூன்று முறை அழுத்தினார். “இப்பதான் ஸ்மூத்தா இருக்கு,” என்றார். மதியத்துக்குள் ஏழு கடிதங்கள். வேலை தப்பியது. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் கழித்து நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உள்ள திறந்து பாக்கலாம்னு சொன்னியே. அந்த ரெஃப்ரெஷ்ஷத் திறந்து காட்டு.”

திருட்டு முழி முழித்துக்கொண்டே திறந்தேன். உள்ளே வெறும் வெள்ளை. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நானாத்தான் கத்துக்கிட்டேனா?”

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மறுநாளும் மூன்று முறை அழுத்தினார்.

அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அத்தனை முழங்கிய நானே காசு கொடுத்து விண்டோஸ் வாங்கி வைத்திருக்கிறேன். இதைத் திறந்து காட்ட எனக்கு வழியில்லை. காட்டு என்று கேட்கவும் யாரும் இல்லை.