பாலத்தில் தொங்கியவள்

மங்களம் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ் ஓட்டுகிறாள். பிறந்தது தாப்பா பக்கத்து எஸ்டேட்டில். எஸ்டேட்டை விற்றபோது கூட்டாளிப் பெண்கள் தையல் படிக்கப் போனார்கள். இவள் லாரி லைசென்ஸ் எடுத்தாள்.

பஸ்ஸில் வரும் தினேஸ்வரி ஒரு சினிமாக் குழுவில் இருந்தாள். பழைய சாகசத் தொடர் ஒன்றின் ஒரு பாகத்தைத் திரையிடுகிறோம் என்று ஒரு ஞாயிறு மாலை மங்களத்தையும் அழைத்துப் போனாள். படம் தொடங்கியதுமே மங்களம் எழுந்துவிட்டாள்.

“ஸ்பீக்கர் ரோசாக்லா, கெட்டுப்போச்சு! யாராச்சும் பாருங்க.”

“ஊமைப்படம்க்கா. சத்தமே வராது.”

உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண் குதிரையிலிருந்து ரயிலுக்குத் தாவினாள். இரண்டு முரடர்களை ஆற்றில் தள்ளினாள். கட்டிப்போடப்பட்டு முழித்துக்கொண்டிருந்த கதாநாயகனை அவிழ்த்துவிட்டு, காரை எடுத்தாள். வில்லனோ பாலத்தை அறுத்து வைத்திருந்தான்.

“பிரேக்க மிதிடி! கியரக் கொறைடி!” என்று கத்தினாள் மங்களம்.

கார் பாலத்து விளிம்பில் தொங்கியது. படம் முடிந்தது.

“அடுத்த பாகம் எப்ப?”

“கிடையாதுக்கா. மத்த பிலிமெல்லாம் அழிஞ்சு போச்சு. என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

“அப்ப இத்தன வருசமா அவ அங்கேயே தொங்குறாளா?”

மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் புலம்பினாள். “நீங்க டிரைவராச்சே, எப்படி எறங்குவா சொல்லுங்க” என்றாள் முன்சீட்டு சாந்தினி. மங்களம் சொன்னாள்: பின்சீட்டில் ஏறி, கண்ணாடியை ஸ்பேனரால் உடைத்து. வெளியே வந்தவளின் கையை வில்லன் மிதிக்கும்போது தொழிற்சாலை வாசல் வந்துவிட்டது.

“எறங்குங்க. மிச்சம் சாயங்காலம்.”

அதற்குப் பிறகு யாரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள்கூட பஸ்ஸுக்கு மாறினார்கள். அந்தப் பெண் காம்பாரில் ஈயம் தோண்டிய குட்டையை நீந்திக் கடந்து, லூமுட் படகுத்துறைவரை வில்லனைத் துரத்தினாள். அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லிக் கெஞ்சியவர்களை மங்களம் கண்ணாடியில் முறைத்தாள். “அவளுக்கு நேரம் எங்கலா இருக்கு?”

வில்லனுக்கு மட்டும் அவள் அதிகம் யோசிக்கவில்லை. சூப்பர்வைசர் விக்னேஸ்வரனின் மீசையையும் செருமலையும் அப்படியே கொடுத்துவிட்டாள். ஒருநாள் கார் பழுதாகி விக்னேஸ்வரனே பஸ்ஸில் ஏறினார். மங்களம் கதையை நிறுத்திவிட்டாள். அவர் செருமினார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்கக்கா” என்றார் விக்னேஸ்வரன்.

அன்றைக்கு வில்லனைக் கடலில் முக்கிக் கொல்வதாகத்தான் இருந்தது. மங்களத்துக்கு மனசு வரவில்லை. பங்கோர் படகில் வழுக்கி மீன்கூடைக்குள் விழவைத்ததோடு விட்டாள்.

எல்லோரும் இறங்கிய பிறகும் விக்னேஸ்வரன் படியில் நின்றார்.

“நாளைக்கும் கார் ரெடியாகாது. அவன் கூடையிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவான்தானே?”

“வருவான், பாஸ். ஆனா ஒத இருக்கு.”