பதினொன்றாம் வகுப்புக்குப் பூ கேட்டது

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் எங்கள் தெருமுனை ஓடையில் புதுப் பாலம் கட்டினார்கள். அங்கே மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் ஒரு பெண். தலையில் மஞ்சள் தொப்பி, முழங்கால் வரைக்கும் சேறு. கம்பி கட்டும் ஆட்களிடம் குரலை உயர்த்தாமல் பேசி, சரியில்லாத கட்டைப் பிரித்து மறுபடி கட்ட வைப்பார். கடைக்குப் போகும்போதெல்லாம் என் மகள் அங்கே நின்றுவிடுவாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் இன்ஜினியரிங் படிக்கப் போவதாகத்தான் சொன்னாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செஞ்சியில் நெல் ஏலம் விடும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸை நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்தினாலும் ஒன்றும் சொல்லாமல் இறங்கித் திரும்பி நடப்பேன். அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது என் மனைவிதான் முன்னால் போனாள். நான் கூடப் போய்ச் சுவரோரம் நின்றேன்.

தமிழ் மீடியத்தில் கணக்கு இருக்கிற குரூப் நிரம்பிவிட்டது என்றார் டீச்சர். மீதி இருந்தவை இரண்டு. ஒன்று கணக்கும் கம்ப்யூட்டரும். ஆனால் இங்கிலீஷ் மீடியம். இன்னொன்று தமிழ் மீடியத்தில் பியூர் சயின்ஸ்; செடிகொடி, விலங்கு பற்றியெல்லாம் படிக்கலாம், கணக்கு கிடையாது. கணக்கு இல்லாமல் இன்ஜினியரிங் போக முடியாது, யோசித்துத் திங்கட்கிழமை வாருங்கள் என்று மகளைப் பார்த்தே சொன்னார்.

மகள் அதுவரை தமிழில்தான் படித்திருந்தாள். என் மைத்துனர் மகன் இப்படித்தான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி, பதினொன்றிலேயே நின்றுபோனான். மனைவிக்கு அது கண்முன்னால் இருந்தது. பெண்பிள்ளை ஒரு தடவை பெயிலானால் மறுபடி படிக்க வைக்க யாரும் விடமாட்டார்கள், சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றாள். அது பொய்யும் இல்லை. மகளோ, கஷ்டப்பட்டாவது படித்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் மனைவி, பூ கேட்டுவிடலாம் என்றாள்.

எங்கள் பக்கம் முடிவு தெரியாத காரியத்துக்கெல்லாம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவுக்கு ஒன்று, சிவப்புப் பூவுக்கு ஒன்று என்று மனசில் வைத்துக்கொண்டு, இரண்டையும் இலையில் தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். கையில் எடுத்த மடிப்பில் எந்தப் பூ இருக்கிறதோ அதுதான் வாக்கு. மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் இங்கிலீஷ் பயம் இருந்திருக்கும். அம்மனே கணக்கு என்று சொல்லிவிட்டால் தைரியமாகப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருக் கோயிலுக்குப் போனோம். வெள்ளை நந்தியாவட்டை கம்ப்யூட்டர் குரூப்புக்கு, சிவப்பு அரளி பியூர் சயின்ஸுக்கு. பூசாரி இலையை மடித்தபடி சிரித்தார்.

"கெணறு வெட்டக் கேட்டிருக்காங்க, பொண்ணு எடுக்கக் கேட்டிருக்காங்க. கம்ப்யூட்டருக்கு இப்பதாம்மா கேக்குறாங்க. ஆத்தாளுக்கே புதுசா இருக்கும்."

யார் எடுப்பது என்று வந்தபோது என்னைக் கைகாட்டினார்.

"அவரே எடுக்கட்டும். அவுருக்கு வாயும் கெடயாது, பக்கமும் கெடயாது."

எனக்குப் பக்கம் இருந்தது. நான் வெள்ளையைத்தான் வேண்டினேன். இரண்டு மடிப்பும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தன. ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். பிரித்தார். அரளி.

மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். மறுநாள் பியூர் சயின்ஸில் சேர்த்தோம்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில், கம்ப்யூட்டர் குரூப்பில் ஒரு பெண் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டதாகத் தெருப்பிள்ளைகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கு லாரி வந்து நின்றும் நான் மூட்டைக்குப் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு தனியாகப் பள்ளிக்கூடம் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றபிறகு அந்த டீச்சரே என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. இடம் இருக்கிறது, பாடம் இன்னும் அதிகம் ஓடவில்லை, நாளைக்கே மகளோடு வாருங்கள் என்றார். அன்றைக்கு வெயில்கூடத் தெரியாமல் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்தாள்.

"பூவ எடுத்தது யாரு? நீதான எடுத்த? இப்ப நீயே போயி மாத்திக் கேட்டியா?"

"கேட்டேன்."

"வாக்க மீறி இன்னா ஆவப்போவுதோ."

"மீறித்தான் பாப்பமே" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை எதிர்த்து நான் அப்படிப் பேசியதில்லை. அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி மகள் சரி என்று சொன்னால் போதும் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"வாணாம் நைனா" என்றாள்.

பயப்படாதே, டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றேன். அவள் பாவாடையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

"இங்கிலீசு பயம்லாம் இல்ல. பூ கேக்காத இருந்தா போயிருப்பேன். இப்பப் போயி ஒரு பரிச்சைல கொறஞ்சாகூட, ஆத்தா சொன்னத மீறுனா, அதான் இப்டின்னுவாங்க. அம்மாவும் அதையே சொல்லும். நான் படிச்சனா படிக்கலியான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மனைவி அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். மகள் சொன்னது அப்படியே நடக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால்கூட அதைத்தான் சொல்வார்கள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

இந்த வருஷம் பன்னிரண்டு முடித்தாள். நல்ல மார்க். மனைவி கோயிலில் பொங்கல் வைத்தாள். பார்த்தீர்களா, ஆத்தா நல்ல வழிதான் காட்டியிருக்கிறாள் என்று எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மகளிடமும் கேட்டாள். மகள் ஆமாம் என்றாள்.

போன வாரம் தாவரவியல் பட்டப்படிப்புக்கு இடம் கேட்க விழுப்புரம் புறப்பட்டோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கடைத்தெரு திரும்பும் இடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் கூட்டம். இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள். அவள் பள்ளிக்கூடத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள்.

"நைனா, அந்தாண்ட ரோட்ல போ."

"அது சுத்தாச்சே" என்றேன்.

"பரவால்ல."

வண்டியைத் திருப்பினேன்.