தானாகக் கலைந்தது

தையல் கம்பெனியில் அவளைக் காலர்க்காரி என்றால்தான் தெரியும். வருடக்கணக்காகச் சட்டைகளுக்குக் காலர் வைக்கிறவள். கணவர் பஸ் டிரைவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். மூன்றாவது உண்டானபோது வேண்டாம் என்று அவளேதான் முடிவு செய்தாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குப் போய்விட்டார். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவது அந்த இஷ்டத்தில் சேராது போலிருக்கிறது.

அங்கே முகத்தை மூடிய கல்லூரிப் பெண்களாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனாள். அப்படி ஒருத்திதான் இருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. ஒருத்தி கழுத்தில் ஆபீஸ் அட்டை. ஒருத்திக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இன்னொருத்தி, சாப்பாட்டு டப்பாவை மறந்த மகனைப் போனில் திட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை குழந்தைகள் என்று நர்ஸ் கேட்கக் கேட்க, ஒன்று, மூன்று, இரண்டு என்று பதில் வந்தது. இவள் விழிப்பதைப் பார்த்து நர்ஸ் சிரித்தார்.

"எல்லாரும் சின்னப் பொண்ணுங்கதான் இருப்பாங்கன்னு நெனச்சுட்டு வர்றாங்க. வந்து பார்த்தா எல்லாம் அம்மாங்க."

அத்தனை அம்மாக்களும் தரையைப் பார்த்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஊர்க்கதை பேசுகிறவர்கள், அங்கே வாயே திறக்கவில்லை.

வீட்டில் மாமியாரிடம் "கலைஞ்சிடுச்சு" என்றாள். சொல் ஒன்றுதான், வால்தான் வேறு. கலைச்சேன் என்றால் வீடு இரண்டுபடும். கலைஞ்சிடுச்சு என்றால் வெந்நீர் வரும். வெந்நீர் வந்தது. அக்காவும் வந்தாள். அக்காவுக்கு முன்பு ஒன்று நிஜமாகவே கலைந்திருந்தது. தினமும் வேலை முடிந்து நேரே வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காலர்க்காரியும் அழுதாள், ஆனால் அது வேறு அழுகை. செய்ததற்காக அவள் வருந்தவில்லை. தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியதற்குத்தான் அழுதாள். கணவரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது உண்மை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. மாமியார் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னாள்.

"தானா கலையலக்கா. நான்தான் கலைச்சேன்."

அக்கா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கையை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"எனக்குப் போனப்போ என்கூட உட்கார்ந்து யாரும் அழலடி. இப்பதான் உன்கூட அழுதேன். அதையும் இல்லாம பண்ணிட்டியே."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மாலை, அக்கா ஏன் வரவில்லை என்று மாமியார் கேட்டார். வேலை இருக்கும் என்றாள் காலர்க்காரி.