சரோஜா கட்டிய டஸ்டர்

அந்த டஸ்டரை எலி இழுத்துக்கொண்டு போகவில்லை. நான்தான் எடுத்தேன். வேண்டுமென்றே, தெரிந்தே, கொதிக்கிற சோடாத் தண்ணீரில் போட்டேன்!

ஒரே ஒருத்தியிடம் தவிர யாரிடமும் சொல்லாமல், இத்தனை காலமாக என் வாய்க்குள்ளேயே கிடந்த வாக்கியம் இது. எழுதியதும் மூச்சு கொஞ்சம் சுலபமாக வருகிறது... மீதியையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டாம் தாரமாகத் திருவண்ணாமலைக்கு வாழ வந்தவள் நான். என் கணவர் மாணிக்கம் சொந்தமாக ஓர் அம்பாசடர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் மனைவி சரோஜா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. குழந்தை இல்லை. அவள் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லையாம். அந்த வீட்டில் அவள் மிச்சமிருந்தது ஒரே ஒரு பொருளில்தான். கார் துடைக்கும் டஸ்டரில்.

மரக் கைப்பிடி. அதன் முனையில் கொத்துக் கொத்தாகப் பருத்தி நூல். நூலில் மெழுகும் எண்ணெயும் ஏறியிருக்கும். காரின் மேல் லேசாக ஓட்டினால் தூசியெல்லாம் நூலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பெயிண்டில் ஒரு கீறல் விழாது. ஆசிரமத்துக்கு வந்த பம்பாய்க்காரர் ஒருவரின் காரில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, சரோஜா தானாகவே கட்டினாளாம். பட்டறைகளில் எண்ணெய் துடைக்க வாங்குகிற வேஸ்ட் நூலைப் பிரித்து, சிக்கெடுத்து, மெழுகுவத்தியை உருக்கி, தையல் மெஷின் எண்ணெய் கலந்து, அதில் தோய்த்து...

இதை அவர் எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! சாப்பிடும்போது சொல்வார். வாசலில் நின்று டஸ்டரை உதறும்போது சொல்வார். "தண்ணி மட்டும் படக்கூடாது. பட்டா மெழுகு போயிடும்" என்பார், ஏதோ கைக்குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

காலையில் அவர் காரைத் துடைக்கும்போது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைப் பார்க்கையில் ஒரு நாளும் வராத முகம் அது. ஒரு தடவை, உதறித் தரலாமே என்று நான் டஸ்டரை எடுத்தேன்.

"வெச்சிடு ஜெயா. அத மட்டும் தொடாதம்மா."

கோபப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை!

செத்துப்போன ஒருத்தியின்மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்கிறீர்களா? உயிரோடு இருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். இவளிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அந்தச் சமயத்தில் எங்கள் கார் பெயிண்ட் அடிக்கப் பட்டறைக்குப் போயிருந்தது. நண்பர் ஒருவரின் காரை எடுத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார் அவர். மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார். டஸ்டர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதி வந்ததும் சலவைச் சோடாவை அள்ளிப் போட்டேன். அழுக்காக இருக்கிறது, துவைத்து வைக்கிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேனா? இல்லை. அந்தச் சாக்குகூட எனக்கு இல்லை. தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்துதான் முக்கினேன்.

மெழுகு உருகி ஆடையாக மிதந்தது. தண்ணீர் சேறாகியது. கரண்டிக் காம்பால் தூக்கினேன். கைப்பிடி மட்டும் தனியே வந்தது! நூலெல்லாம் கழன்று, குளித்தவளின் கூந்தலைப்போல் பாத்திரத்துக்குள் கிடந்தது.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வருத்தமும் வரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்... முதலில் எனக்கு வந்தது பயம்தான். அவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

நூலை நல்ல தண்ணீரில் அலசி அலசிப் பிழிந்தேன். வெயிலில் வேட்டியை விரித்து அதன்மேல் பரப்பினேன். காய்ந்ததும் என் பேன் சீப்பை எடுத்துக்கொண்டு சிக்கெடுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு நூலையும் இரண்டாக மடித்து, ஒரு நாடாவில் முடிச்சுப் போட்டு, அந்த நாடாவைக் கட்டையில் சுற்றியிருந்தாள் சரோஜா. அவிழாமல் மிஞ்சியிருந்த முடிச்சுகளைப் பார்த்துப் பார்த்து மற்றவற்றைக் கட்டினேன்.

நாடாவின் கடைசியில் முடிச்சுகள் எல்லாம் கோணலாக இருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்று பாதி. பாவம், அலுத்துப்போயிருக்கிறாள்! எப்படியாவது முடிந்தால் போதும் என்று இழுத்துக் கட்டியிருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அவர் வாயால் கேட்ட சரோஜாவுக்கு ஒரு குறையும் கிடையாது. இவளுக்கோ இடுப்பு வலித்திருக்கிறது, சலிப்புத் தட்டியிருக்கிறது... சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோணல் முடிச்சுகளைத் தொடாமல் கோணலாகவே விட்டேன்.

பிறகு மெழுகுவத்தி வாங்கி வந்து, பழைய டப்பாவில் உருக்கி, மெஷின் எண்ணெய் விட்டு, நூலைத் தோய்த்துப் பிழிந்து நிழலில் தொங்கவிட்டேன். அவர் சொல்லிச் சொல்லி என்னைக் குத்திய கதைதான் எனக்கு அப்போது செய்முறையாக இருந்தது!

மறுநாள் வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆணியைப் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆச்சி இதுக்கு? வெளுத்துப் போயிருக்குது?"

"எலி இழுத்துனு போயி சாக்கடையில போட்டுடுச்சிங்க. நூலெல்லாம் கழண்டுனு வந்துடுச்சி. அலசி, திரும்பக் கட்டி, மெழுகு ஏத்துனேன்."

"நீயா?"

"நீங்க சொல்வீங்களே... அதே மாதிரிதான்."

நின்ற இடத்திலேயே அவர் அழுதார். "தூக்கிப் போட்டிருந்தா யாரு கேக்கப் போறாங்க? அவ கட்டினதைக் காப்பாத்தியிருக்கியே ஜெயா!" என்றார். டஸ்டரை என்னிடமே கொடுத்தார். "இனிமே நீயே வெச்சிக்க."

அன்றைக்குத்தான் அவர் என்னோடு குடித்தனம் நடத்தத் தொடங்கினார். என் பிள்ளைகள், என் சந்தோஷம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. யோசித்துப் பாருங்கள்... செய்த குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தால் தாங்கிக்கொள்ளலாம். அன்பு கிடைத்தால் என்ன செய்வது?

சரோஜாவின் தங்கை கமலா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் தேங்காய், பழக்கடை வைத்திருந்தாள். அவர் அவளிடமும் இந்தக் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து என்னை அவள் "அக்கா" என்றே கூப்பிட்டாள்.

வருடங்கள் ஓடின. எண்பதுகளில் கமலாவின் மகள் பெரியவளானாள். "எங்கக்கா இருந்தா அவதான் முதல் சீர்த்தட்டு எடுப்பா. அந்த இடத்துல நீதான்க்கா நிக்கணும்" என்று கமலா வீடு தேடி வந்து மஞ்சள் நீராட்டுக்கு அழைத்தாள். தலையாட்டிவிட்டேன். அதன்பின் சோறு இறங்கவில்லை. அந்த இடத்திலா? நானா?

மறுநாள் மத்தியானம் பஸ் பிடித்து அவள் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கமலா தேங்காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு அடுக்குவதை நிறுத்தினாள்.

"வேணும்னேதான் போட்டியா?"

"ஆமாம்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"இல்ல கமலா."

ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாது. அது எங்கக்கா பொருளு. மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உன் பாடு." ஒரு தேங்காயை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு, "விசேஷத்துக்கு வந்துடு. தட்டு மட்டும் வேற யாராச்சும் எடுக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "வெயில்ல வந்திருக்க. உக்காந்து சாப்டுட்டுப் போ."

கீரைக்குழம்பும் சோறும் போட்டாள். வெட்கமில்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்! திரும்பும்போது பஸ்ஸில் அப்படி ஒரு தூக்கம்... கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறங்கினேன்.

விசேஷத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றேன். கமலாவின் நாத்தனார் முதல் தட்டை எடுத்தாள். எனக்கு வலிக்கவில்லை. என்ன ஒரு நிம்மதி! யாருடைய இடத்திலும் நிற்காமல் நிற்பது அவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த நிம்மதி இன்றுவரை கலையவில்லை.

ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தானே? சொன்னால் லேசாவது நான். அவர் என்ன ஆவார்? இது அவர்மேல் இருக்கிற அக்கறையா, அல்லது என் பழைய பயமா... சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

காரை விற்றாகிவிட்டது. நேற்று மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை உட்காரவைத்து அவர் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எலி, சாக்கடை, மெழுகு எல்லாம் வந்தன. முடித்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஜெயா, இங்க வா. உன் கையக் காட்டு இவங்களுக்கு."

போனேன். காட்டினேன்.