ஏழுமலை சொன்ன பொய்

கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஏழுமலை என்பவரிடம் ஒரு பழைய ஃபைபர் மீன்பிடிப் படகை வாங்கினேன். உத்திரமேரூர் ஏரியில் குடும்பத்தோடு சுற்றிவர வேண்டும் என்பது என் ஆசை. லாரியில் ஏற்றும்போது அவர், "முன்னாடி அடியில தெர்மாகோல் அடைச்சி கீது. அத மட்டும் எடுத்துடாதீங்க சார். தண்ணி பூந்தாலும் படக மூழ்காம புடிக்கிறது அதான்" என்றார்.

நான் எடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு இருக்கை போடவும் சாப்பாட்டுப் பெட்டி வைக்கவும் அந்த இடம் வேண்டியிருந்தது.

முதல் நாளே நடு ஏரியில், போட்டோ எடுக்க, பிள்ளைகளும் கூட வந்த என் மனைவியின் தம்பியும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். தண்ணீர் புகுந்து, கரையில் நின்ற என் மனைவியின் கண்ணெதிரே படகு மூழ்கியது. பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் இழுத்துக்கொண்டு நீந்தினேன். அவளுடைய தம்பிக்கு நீச்சல் தெரியாது. அவன் மேலே வரவேயில்லை.

மூன்றாம் நாள் ஏழுமலை துக்கம் விசாரிக்க வந்தார். "தெர்மாகோல எடுக்கக் கூடாதுன்னு விக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டு என் மனைவி அழுதாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்ல மறந்துட்டேம்மா. என் தப்புதான்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவர் பின்னாலேயே போய், ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"தம்பியும் பூட்டான். புருசனையும் வெறுத்துட்டா அது எப்டி சார் வாழும்?" என்றார்.

இன்றும் என் மனைவி அவரைச் சபிக்கிறாள். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிட வாயெடுக்கிறேன். பிறகு, சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன்.