கட்டில் காலின் அளவு

என் வீட்டுச் சன்னல் பலகைக்கு முட்டுக் கொடுக்கும் பாலைமரத் தடி, போன மாதம் வரை சரியாக ஒரு கட்டில் காலின் நீளம் இருந்தது. அந்த அளவுக்கு அதை நான் அறுத்தபோது எனக்கு இருபது வயது. வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு, அவர்கள் பாவித்த சாமான்கள் அங்கே ஏலத்துக்கு வந்தன. மரத்தைச் சுழற்றிக் கடையும் மெசின்களும் வருகின்றன என்று கேள்விப்பட்டு, கட்டில் கால் அவற்றில் அடங்குமா என்று அளக்கத்தான் தடியை அறுத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அக்கா வீட்டில் தங்கி, கட்டில், கதிரை செய்யும் அத்தானின் தளபாடப் பட்டறையில் சீவுளி தள்ளி மரம் இழைத்தேன். கடைந்த கால் தேவைப்பட்டால் அத்தான் வெளியில் கொடுத்துத்தான் செய்விப்பார். சொந்தமாக ஒரு மெசின் இருந்தால், பாலையூற்றில் அம்மா விட்டுப்போன காணியில் கொட்டில் போட்டு, யாருக்கும் கீழே நிற்காமல் பிழைக்கலாம் என்று நினைத்தேன். அதற்காகவே அக்கா என் கூலியில் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள்.

ஏலத்துக்கு முதல் நாள் சாமான் பார்க்க விட்டார்கள். மூன்று மெசின்கள் நின்றன. முதலாவது பச்சைப் பெயின்ற் பூசி மினுங்கியது. மோட்டரும் இருந்தது. கூட்டம் முழுக்க அதைச் சுற்றித்தான். மரத்தைப் பிடிக்கும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் என் தடியைப் பிடித்தேன், உள்ளே போகவில்லை. கதிரைக் காலுக்கே மட்டுமட்டு. இரண்டாவது இரும்பு கடைவது, மரத்துக்கு அந்தச் சுற்று வேகம் போதாது. மூன்றாவது ஒரு மூலையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மோட்டர் இல்லை, உப்புக் காற்றில் துரு ஏறியிருந்தது. ஆனால் தடி உள்ளே போய் இன்னும் ஒரு சாண் இடம் மிஞ்சியது. பின்முனையைத் தள்ளிக்கொண்டு போய் முன்முனையோடு சேர்த்துப் பார்த்தேன். நுனியும் நுனியும் நேராக முட்டின. கையால் சுற்றினேன், பேரிங்கில் கரகரப்பில்லை. துருவைத் தேய்க்கலாம், மோட்டரைப் பிறகு வாங்கலாம், நீளத்தை எங்கே வாங்குவது? பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன தம்பி, மெசினுக்குப் பல்லுக் குத்துறியோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் காசை அத்தானிடம் கொடுத்தேன். "நீ வாய் திறக்கிறதுக்குள்ளை ஏலம் முடிஞ்சிடும். நான் கேக்கிறன், நீ பின்னாலை நில்லு" என்றார். துருப்பிடித்த மெசினுக்குப் போட்டியில்லை, கொண்டுபோன காசுக்குள் அடங்கியது. மாட்டுவண்டி சந்திக்கு வந்ததும் பாலையூற்றுப் பக்கம் போகாமல் பட்டறைப் பக்கம் திரும்பியது. "இப்போதைக்கு இஞ்சை கிடக்கட்டும் தம்பி. உன்ர மண் தரையிலை நிண்டால் ஆடும். சீமெந்து போட்டாப் பிறகு கொண்டு போ." அவர் சொன்னதில் பிழையில்லை. மெசின் ஆடினால் கால் வட்டமாக வராது. மோட்டரையும் அவரே வாங்கிப் பூட்டினார்.

அந்த வருட ஆயுதபூசைக்கு மெசினைத் துடைத்துச் சந்தனம் குழைத்து வைத்தேன். ஆயுதத்துக்குப் பொட்டு வைப்பவன் அதன் சொந்தக்காரன். வேலையாட்கள் எல்லோரும் தங்கள் தங்கள் உளிக்கும் மரம் அறுக்கும் வாளுக்கும் வைத்தார்கள். மெசினுக்கு முன்னால் நான் குனிந்தபோது, அத்தான் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. குசினிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "நீ கேட்டிட்டுப் போயிடுவாய் தம்பி. நான் இஞ்சைதானே இருக்கவேணும்" என்றாள். நான் கேட்கவில்லை. கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை மட்டும் போட்டேன். அதில் அயலாரின் ஆடுகள் படுத்தன. அந்த மெசினில் அத்தானுக்கே கூலிக்குக் கடைந்து என் தலை நரைத்தது.

அக்காவின் மகளைக் கிளிவெட்டியிலிருந்து கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வயல்காரன், அவனுடைய தம்பிக்குப் பட்டறை போடும் எண்ணம். சீதனப் பேச்சு இழுபட்டபோது அத்தான் என் தோளில் கை போட்டார். "மெசின் என்ர இல்லை, மச்சான்ர. தாய்மாமன் தன்ர மருமகளுக்குக் குடுக்கிறான். அப்பிடித்தானே தம்பி?" அது என்னுடையது என்று அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். கதவோரம் அந்தப் பிள்ளை நின்றது. "ஓம்" என்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, "மாமனெண்டால் இப்பிடியெல்லோ இருக்கோணும்!" என்று வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளினார். மெசினைக் கிளிவெட்டிக்குக் கொண்டுபோக மூதூர்ப் படகில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அத்தான் இப்போது இல்லை. நான் பாலையூற்றுக் கொட்டிலில், மெசினுக்கென்று போட்ட அந்தச் சீமெந்துத் தரையில் படுத்து எழும்புகிறேன். போன மாதம் கிளிவெட்டிக்குப் போயிருந்தேன். அங்கே இன்னும் மின்சாரம் வரவில்லை. மெசினின் மேல் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மருமகள் தேத்தண்ணி தந்துவிட்டு, "மாமா, பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுக்கிறாராம். நீங்கள் தந்த சாமான், உங்களைக் கேக்காமல் குடுக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். அந்த மெசினைப் பற்றி என்னைக் கேட்டு ஒருவர் முடிவெடுக்க நினைத்தது அதுதான் முதல் தடவை. மூட்டைகளுக்கு இடையில் கைவிட்டுப் பின்முனையைத் தடவினேன். நுனி மழுங்கவில்லை. பெண்ணுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் தாய்மாமனை நான் எங்கும் கண்டதில்லை. "குடு பிள்ளை" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது உள்ளே ஒரே புழுக்கம். சன்னலைத் தள்ளித் தடியை முட்டுக் கொடுத்தேன். சன்னலுக்கு அது எப்போதும் நாலு விரல் கூடுதல் நீளம், சரிந்துதான் நிற்கும். வாளை எடுத்து நாலு விரலையும் அறுத்தேன். இப்போது நேராக நிற்கிறது.